வேவு பார்க்கப் போற வண்டிக்கு எதுக்கும்மா அவ்ளோ பெரிய பீரங்கி? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஒருத்தர் "இருக்கறதுலயே குட்டி டேங்க் எது"ன்னு கேட்டிருந்தார், ஜெர்மன்காரங்க வீசல்னு ஒண்ணு வச்சிருந்தாங்க, மூணு டன்னு கூட இருக்காது, ஹெலிகாப்டருக்குள்ளயே ஏத்திட்டு போயிடுவாங்கன்னு ரெண்டு வரி எழுதினேன். அவ்ளோதான், இந்த வாரம் தபால்பெட்டி பூரா டேங்க். சினிமா கேள்வி அனுப்பினவங்க மன்னிச்சுக்கங்க, உங்களுக்கு அடுத்த வாரம்.

கேள்வி: நான் தென்காசி பக்கம், காலேஜ் ரெண்டாவது வருஷம். ஒரு கிராஃபிக் நாவல் வரைஞ்சிட்டிருக்கேன். அதுல மருதவேலின்னு ஒரு கற்பனை நாடு. மேற்கே நாலாயிரம் மீட்டர் மலை, கிழக்கே பூரா ஆறு, வயல், சேறு, வடக்கே பெரிய எதிரி நாடு. மருதவேலிகிட்ட வேவு பார்க்கறதுக்குன்னே ஒரு மாடர்ன் லைட் டேங்க் இருக்கு. 120 எம்எம் பீரங்கி, எட்டு மிசைல், சுத்தி தடிமனான கவசம், எடை 55 டன். படம் சேர்த்து அனுப்பியிருக்கேன். ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் செம மாஸ்ங்கறாங்க. நிஜத்துல இது சரிப்பட்டு வருமா சார்?

பதில்: படம் பிரமாதம்மா. செயின்ல இருந்து சேறு தெறிக்கறத வரைஞ்சிருக்கீங்க பாருங்க, அதுக்கே தனியா மார்க் போடலாம். ஆனா வண்டி தேறாது.

லைட்டுன்னு பேரு வச்சிட்டு 55 டன்னா? நம்ம ராணுவத்தோட டி-90 இருக்கே, நேருக்கு நேர் மோதறதுக்குன்னே பொறந்தது, அதுவே 46 டன்தான். உங்க வேவு வண்டி அதுக்கு அண்ணன் மாதிரி நிக்குது.

இந்த வண்டிய எதுக்கு அனுப்பறாங்கன்னு முதல்ல யோசிங்க. பின்னாடி வர்ற பெரிய படைக்கு ரொம்ப முன்னாடியே போய், எதிரி எங்க இருக்கான், எத்தன பேரு, ஆத்துல தண்ணி எவ்ளோ, பாலம் நிக்குதா இல்ல உடைச்சுட்டானா, ரோட்டுல எதாவது புதைச்சு வச்சிருக்கானான்னு பார்த்து ரேடியோல சொல்லிட்டு உயிரோட திரும்பி வரணும். அந்த திரும்பி வர்றதுதான் பாதி வேலை. நம்ம ஊர்ல சம்பந்தம் பேசறதுக்கு முன்னாடி பையன பத்தி விசாரிச்சுட்டு வான்னு ஒரு மாமாவ அனுப்புவோமே, அந்த மாமா மேளதாளத்தோட போனா எவன் உண்மையச் சொல்லுவான்? டீக்கடையில ஓரமா ஒரு பெஞ்சுல உக்காரணும், காத தீட்டிக்கணும், பஸ் ஏறி வந்துடணும்.

ஆனா எல்லா நாட்டு ராணுவத்துலயும் இதுல ஒரு சண்டை உண்டு. ஒரு கோஷ்டி, பதுங்கிப் பார்த்தா போதும்ங்கும். இன்னொரு கோஷ்டி, பதுங்கினா எதிரியும் பதுங்கித்தான் இருப்பான், ரெண்டு குண்டு போட்டு சீண்டினாத்தான் அவன் எங்கிருந்து திருப்பிச் சுடறான்னு தெரியும், அதனால பீரங்கி வேணும்ங்கும். இந்த ரெண்டாவது கோஷ்டி பேச்சக் கேட்டா, பீரங்கி வந்ததும் "திருப்பிச் சுட்டா தாங்கணுமே"ன்னு கவசம் வரும், கவசம் வந்ததும் பெரிய என்ஜின் வரும், பெரிய என்ஜின் வந்ததும் நிறைய டீசல் வேணும், கடைசில லைட் டேங்க் லைட்டாவும் இருக்காது டேங்காவும் இருக்காது. உங்களுக்கு நடந்திருக்கறதும் அதேதான், நீங்க ஒரே ராத்திரில பண்ணிட்டீங்க, மத்தவங்களுக்கு அதுக்குப் பல வருஷம் ஆகுது.

அதனால பீரங்கிய கடைசியா வரைங்க. முதல்ல மருதவேலில பாலங்க எவ்ளோ எடை தாங்கும்னு முடிவு பண்ணுங்க. விளையாட்டா சொல்லல. அமெரிக்காக்காரங்க 2022ல ஒரு வண்டிக்கு ஆர்டர் குடுத்தாங்க, எம்10 புக்கர்னு பேரு. லைட்டா, பாராசூட் படை கூடவே போற மாதிரி கேட்டது, வந்து நின்னது 38 டன்ல. அதக் கொண்டு போய் ஃபோர்ட் கேம்பெல்ங்கற ராணுவ முகாம்ல வைக்கலாம்னு பார்த்தா, அந்த முகாமுக்குள்ள இருக்கற 11 பாலத்துல 8 பாலம் இந்த எடைய தாங்காதுன்னு தெரிய வந்துச்சு. சொந்த முகாம்லயே பாலம் தாண்ட முடியலன்னா அது எங்க போய் வேவு பாக்கறது? 2025 ஜூன்ல அந்த ப்ராஜெக்டயே நிறுத்திட்டாங்க. இதுல கூத்து என்னன்னா அத லைட் டேங்க்னு கூப்பிடாதீங்கன்னு அமெரிக்க ராணுவமே சொல்லிட்டிருந்துச்சு, அவங்களுக்கே மனசாட்சி உறுத்தியிருக்கும்.

அடுத்தது உங்க நாலாயிரம் மீட்டர் மலை. இதுக்கு வெளிநாட்டுக்கெல்லாம் போகவே வேணாம், நம்மகிட்டயே கதை இருக்கு. 1948, பாகிஸ்தானோட நடந்த சண்டை, காஷ்மீர்ல ஸோஜிலா கணவாய், பதினோராயிரத்து ஐந்நூறு அடி உயரம். மேல எதிரி உக்காந்துக்கிட்டு யாரையும் தாண்ட விடல. ஒரு தடவ முயற்சி பண்ணி தோத்தாச்சு. அப்ப ஜெனரல் திம்மய்யா டேங்க் ஏத்தறோம்னு முடிவு பண்றார், அந்த உயரத்துல அதுவரைக்கும் யாரும் டேங்க கொண்டு போய் சண்ட போட்டதா கேள்விப்பட்டதில்ல. 7வது கேவல்ரிங்கற டேங்க் ரெஜிமென்ட்டோட ஸ்டூவர்ட் டேங்குங்க, பதினஞ்சு டன் ரேஞ்சு, ரெண்டாம் உலகப்போர் சரக்கு. மேல இருக்கற சுழலும் கோபுரத்த கழட்டி தனியா எடுத்துட்டுப் போனாங்க, வழியில யாராவது பார்த்தாலும் டேங்க்னு தெரியக்கூடாதுன்னு. பால்தால்ல இருந்து கணவாய்க்குப் போறது கோவேறு கழுதை போற பாதை, அத டேங்க் போற அளவுக்கு வெட்டி அகலப்படுத்தினது யாருன்னு நினைக்கறீங்க, நம்ம மெட்ராஸ் சாப்பர்ஸ், ராணுவத்துல ரோடு, பாலம் போடற என்ஜினியர் படை. நவம்பர் 1ம் தேதி பனி கொட்டுது, எதிரி டேங்க எதிர்பார்க்கவே இல்ல, கணவாய் கைக்கு வந்துடுச்சு. அங்க ஜெயிச்சது பீரங்கியோட சைஸ் இல்ல, "இங்க டேங்க் வராது"ன்னு எதிரி நம்பின இடத்துக்கு வந்துச்சு பாருங்க, அதுதான்.

1962 சீனப் போர்லயும் அதே மாதிரி. லடாக்ல சுஷூல் விமானதளம், பதினாலாயிரம் அடிக்கு மேல. ரோடு வழியா கொண்டு போக நேரமில்ல. 20 லான்சர்ஸ்ங்கற ரெஜிமென்ட்டோட ஏஎம்எக்ஸ்-13 டேங்க் ஆற சண்டிகர்ல இருந்து ஏஎன்-12 விமானத்துல ஏத்தி அங்க இறக்கினாங்க. அந்த ஃபிரெஞ்சு டேங்க் பதினாலு பதினஞ்சு டன்னு, அதனாலதான் ஏறிச்சு. உங்க 55 டன் வண்டிக்கு அப்ப விமானமே கிடையாது. அதனால மருதவேலி விமானப்படைகிட்ட என்ன விமானம் இருக்குன்னு ஒரு பேனல்ல காட்டிடுங்க, உங்க டேங்க்கோட எடைய அந்த விமானம்தான் தீர்மானிக்கும்.

இன்னொண்ணு, மலையில என்ஜினுக்கு மூச்சு முட்டும். நாலாயிரத்து இருநூறு மீட்டர்ல காத்தோட அழுத்தம் கடற்கரைல இருக்கறதுல அறுபது சதவீதம்தான். டர்போ வச்சு சமாளிக்கலாம், ஆனாலும் இழுவை குறையும், அதுபோக குளிர்ல டீசல் கெட்டியாகும், பேட்டரி படுத்துக்கும். அங்கதான் எடைக்கு எத்தன குதிரை சக்திங்கற கணக்கு வருது. டி-72 41 டன்னுக்கு 780 குதிரை, அதாவது டன்னுக்கு 19. ஆவடில டிசைன் பண்ணின நம்ம புது லைட் டேங்க் ஸோராவார் 25 டன்னுக்கு 750, டன்னுக்கு 30. 2020ல லடாக்ல டி-72, டி-90 எல்லாம் ஏத்தி நிறுத்தினோம், ஏறுச்சுதான், இல்லன்னு சொல்லல. ஆனா எதிர்ப்பக்கம் சீனாக்காரன் அந்த மலைக்குன்னே செஞ்ச டைப்-15 வச்சிருந்தான், 33 டன்ல ஆரம்பிக்குது, 1000 குதிரை, 105 எம்எம் பீரங்கி. அத பார்த்துட்டுதான் நம்மாளுங்களுக்கும் லைட் டேங்க் ஞாபகம் திரும்ப வந்துச்சு.

இப்ப உங்க கிழக்குப்பக்கம் சேறு. இது எனக்கு ரொம்பப் பிடிச்ச ஏரியா. 1982 ஃபாக்லண்ட் போர். தீவு பூரா புல்லு மூடின சதுப்பு, கால வச்சா பொதக்குன்னு உள்ள போகும், சக்கர வண்டி எதுவும் ரோட்ட விட்டு இறங்க முடியாது. பிரிட்டிஷ்காரங்க எட்டே எட்டு குட்டி டேங்க் கொண்டு போனாங்க, நாலு ஸ்கார்பியன், நாலு ஸ்கிமிட்டர். ஒண்ணொண்ணும் எட்டு டன்தான், கவசம் அலுமினியம். செயின் அகலமா இருக்கறதால தரையில அது குடுக்கற அழுத்தம் ஒரு ஆள் நின்னா வர்றத விட கம்மி. மனுஷன் முழங்கால் வரைக்கும் பொதையற இடத்துல டேங்க் ஜாலியா போச்சு. இன்னும் நிறைய கொண்டு வந்திருக்கலாமேன்னு அப்புறமா அவங்களே பேசிக்கிட்டாங்க. ஒரு ஸ்கார்பியன் மட்டும் கன்னிவெடில மாட்டுச்சு, உள்ள இருந்தவங்க தப்பிச்சாங்க.

ஆறு தாண்டணும்னா ரஷ்யாவோட பி.டி.-76. பதினாலு டன், 76 எம்எம் பீரங்கி, மூணே பேரு, ஆத்துல இறக்கினா பின்னாடி தண்ணிய பீச்சி அடிச்சு தானா நீந்திப் போகும். நம்ம சிப்பாய்ங்க அதுக்கு வச்ச பேரு "பிப்பா". பஞ்சாப் பக்கம் நெய் வர்ற தகர டின்னுக்கு பேரு அது, காலி டின் தண்ணில மிதக்கும்ல, அதுமாதிரின்னு. 1971 நவம்பர் 20 ராத்திரி 45 கேவல்ரியோட 14 பிப்பா கபதக் ஆத்தத் தாண்டி கரீப்பூர்ங்கற இடத்துல 14 பஞ்சாப் காலாட்படையோட போய் பதுங்கிக்கிச்சு, பங்களாதேஷ் போர் அறிவிக்கறதுக்கே இன்னும் பத்து பன்னண்டு நாள் இருக்கு. காலைல ஒரே மூடுபனி. பாகிஸ்தானோட சாஃபி டேங்குங்க, அமெரிக்கா செஞ்ச லைட் டேங்க், வருது. பிப்பாவோட பக்கவாட்டு தகடு எவ்ளோ மெல்லிசுன்னா பெரிய மெஷின்கன் குண்டே உள்ள வந்துடும், அதனால முன்னாடி போய் மோதாம பதுங்கின இடத்துலயே காத்திருந்து, கிட்ட வரவிட்டு அடிச்சாங்க. அந்த சாஃபி படையே கிட்டத்தட்ட அழிஞ்சுடுச்சு, நம்ம பக்கம் போனது ரொம்பக் கம்மி. ஆனா படைய நடத்தின மேஜர் தல்ஜித் சிங் நாரக் மூடிய திறந்து தலைய வெளிய நீட்டி பார்த்துக்கிட்டே சண்டைய நடத்தினார், மெஷின்கன் குண்டு பட்டு அங்கயே போயிட்டார். மகாவீர் சக்ரா குடுத்தாங்க. உங்க நாவல்ல டேங்க் கமாண்டர் எப்பவும் கம்பீரமா தலைய வெளிய நீட்டிட்டே இருக்கார்ல, வரையும்போது இவர கொஞ்சம் நினைச்சுக்கங்க. வெளிய தலைய நீட்டினா நல்லா தெரியும், அதுக்கு விலை என்னன்னும் அவங்களுக்குத் தெரியும்.

சரி, இப்ப உங்க வண்டிய சரி பண்ணுவோம். 20லருந்து 25 டன்னுக்குள்ள. நீந்தணும். மிசைல் ரெண்டு போதும், அதுவும் தப்பிக்கறதுக்கு. பீரங்கி 105, இல்லன்னா 40 எம்எம் கூட போதும். மிச்சம் பிடிச்ச எடையெல்லாம் கண்ணுக்கும் காதுக்கும் போகட்டும், ராத்திரில உடம்புச் சூட்ட வச்சு பாக்கற கேமரா, தூரம் அளக்கற லேசர், நீட்டி மடக்கற கம்பத்துல ஒரு கேமரா, நல்ல ரேடியோ ரெண்டு. ஒரு படம் வரைங்க, டேங்க் முழுசா மேட்டுக்குப் பின்னாடி, அந்தக் கம்பம் மட்டும் புல்லுக்கு மேல எட்டிப் பார்க்குது. அத விட மாஸ் வேணுமா?

கேள்வி: நான் ஆவடில முப்பது வருஷம் டேங்க் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன். ஸோராவார் ஸோராவார்னு பீத்திக்கறாங்களே, டரட், அதான் மேல சுழலற கோபுரம், பெல்ஜியம்காரன் குடுக்கறான், என்ஜின் கம்மின்ஸ். அப்புறம் இது எப்படி நம்ம டேங்க்?

பதில்: அண்ணே, நீங்க கேட்டா நான் கொஞ்சம் யோசிச்சுத்தான் பதில் சொல்லணும். நீங்க சொன்ன ரெண்டும் உண்மை. 105 எம்எம் பீரங்கியோட டரட் ஜான் காக்கரில் கம்பெனியோடது, என்ஜின் முதல்ல ஜெர்மனியோட எம்.டி.யூ. போடறதா இருந்து, அது வர தாமதமாகி கம்மின்ஸ் போட்டாங்க. ஆனா 1965ல உங்க ஃபேக்டரில இருந்து விஜயந்தா வெளிய வந்துச்சே, அப்ப எப்படி? டிசைன் பிரிட்டிஷ் விக்கர்ஸோடது, கட்டினது மட்டும் நம்ம கை. இப்ப தலைகீழ், டிசைன் ஆவடில இருக்கற அரசு டேங்க் ஆராய்ச்சிக்கூடம் சி.வி.ஆர்.டி.இ., பாகம் பலது வெளியூரு, கட்டினது குஜராத் ஹஸீரால எல் அண்ட் டி. இஸ்ரேலோட மெர்காவா மார்க் 4 என்ஜினும் ஜெர்மன் டிசைன்தான், அத யாரும் இஸ்ரேல் டேங்க் இல்லன்னு சொல்றதில்ல.

ஆனா உங்க கோவத்துல நியாயம் இருக்கு, என்ஜின் விஷயத்துல மட்டும். நம்ம பெரிய டேங்க் அர்ஜுன்லயும் ஜெர்மன் என்ஜின், இதுலயும் வெளிநாட்டு என்ஜின். கோபுரம் லேட்டானா வேற கோபுரம் பாக்கலாம், என்ஜின் லேட்டானா வண்டியோட வயித்தயே திரும்ப அறுத்து தைக்கணும், அது என்ன விட உங்களுக்குத் தெரியும். நல்லதையும் சொல்லிடறேன், ரெண்டு வருஷ சொச்சத்துல முதல் வண்டி ரெடி பண்ணி 2024 ஜூலைல காட்டினாங்க, செப்டம்பர்ல பாலைவனத்துல ஓட்டி சுட்டாங்க, டிசம்பர்ல 4200 மீட்டருக்கு மேல லடாக்ல சுட்டாங்க. நம்ம அர்ஜுன் வந்த வேகத்த பார்த்தவங்களுக்கு இது ஆச்சரியம்தான். ராணுவம் கேக்கறது 354, அதுல 59 இந்த வண்டிக்குன்னு ஒதுக்கினது. முழு ட்ரயல் முடிஞ்சு ரெஜிமென்ட் கைக்குப் போனதுக்கு அப்புறம்தான் நானும் கை தட்டுவேன்.

கேள்வி: ஸ்கார்பியன் டேங்க்ல ஜாகுவார் கார் என்ஜின் போட்டிருந்தாங்கன்னு ஹாஸ்டல்ல ஒருத்தன் அடிச்சு விடறான். நம்பலாமா? – கோவை

பதில்: நம்பலாம், பந்தயம் கட்டியிருந்தா காச குடுத்துடுங்க. 4.2 லிட்டர் ஜாகுவார் பெட்ரோல் என்ஜின், சக்திய கொஞ்சம் குறைச்சு போட்டாங்க. ரோட்டுல மணிக்கு எண்பது கிலோமீட்டர் போகும். அது நல்லாத்தான் ஓடுச்சு, பிரச்சனை அந்த 76 எம்எம் பீரங்கில, சுட்டா புகை பூரா உள்ளயே வரும், இருக்கற மூணு பேரும் இருமணும். கடைசில பிரிட்டிஷ் ராணுவம் அந்தப் பீரங்கி வண்டிய ஒதுக்கிட்டு, 30 எம்எம் வச்ச ஸ்கிமிட்டர மட்டும் 2023 வரைக்கும் ஓட்டுச்சு. சின்ன பீரங்கி வச்சதுதான் நீண்ட நாள் வாழ்ந்துச்சு, கவனிங்க தென்காசி.

இதுக்கு பதிலா வந்த ஏஜாக்ஸ் கதைய கேட்டா சிரிக்கறதா அழறதான்னு தெரியாது. எட்டு டன் வண்டி இருந்த இடத்துக்கு நாப்பது டன் பக்கம் ஒரு வண்டி, 589 வண்டிக்கு 5.5 பில்லியன் பவுண்டு. சோதனை ஓட்டத்துல அதிர்வும் சத்தமும் தாங்காம சிப்பாய்ங்க சிலருக்கு காது பாதிச்சு, ட்ரயலயே நிறுத்த வேண்டியதாப் போச்சு. வேவு பார்க்கப் போற வண்டி, சத்தத்துல சொந்த ஆளு காதே போகுதுன்னா எதிரிக்கு கேக்காதா?

கேள்வி: வேலூர் பக்கம் இருந்து எழுதறேன். என் மகன் ராணுவத்துல இருக்கான், டேங்க் படை. அதான் இப்ப ட்ரோன் வந்துடுச்சே, எதுக்கு இன்னும் ஆளுங்கள முன்னாடி அனுப்பறாங்க? அவன்கிட்ட கேட்டா சிரிச்சுட்டு போன வச்சுடறான்.

பதில்: அம்மா, பாதி வேலைய ட்ரோன் எடுத்துக்கிச்சு, அது உண்மை. முன்னாடி ஒரு மேட்டுக்கு அந்தப்பக்கம் என்ன இருக்குன்னு பாக்க ஒரு வண்டியும் மூணு உசுரும் போகணும், இப்ப கைல பிடிக்கற ட்ரோன் போதும். ஆனா மூடுபனில கேமராவுக்கு கண்ணு தெரியாது, மலைக்காத்துல சின்ன ட்ரோன் தாக்குப்பிடிக்காது, மெல்லிசான காத்துல இறக்கை பிடி கிடைக்காம பேட்டரி சீக்கிரம் தீரும், எதிரி சிக்னல அடைச்சா அது குருடாகி எங்கயாவது விழும். அப்புறம் ஒரு பாலத்து மேல நின்னு "இது தாங்குமா"ன்னு பாக்கறது, ஒரு பாதைல இறங்கி மண்ணத் தொட்டுப் பாக்கறது, ஒரே இடத்துல மூணு நாள் அசையாம இருந்து ராத்திரி பகலா பாக்கறது, இதுக்கெல்லாம் இன்னும் ஆளு வேண்டியிருக்கு. அதனால இப்ப வர்ற வேவு வண்டிங்க ட்ரோன கூடவே எடுத்துட்டுப் போகுது, வண்டி மறைவுல நிக்கும், ட்ரோன் முன்னாடி போய் பார்த்துட்டு வரும். முன்ன விட ஆளு கொஞ்சம் பின்னாடி இருக்கலாம்.

ஆனா உங்ககிட்ட மறைக்க மாட்டேன், அதே ட்ரோன் மேல இருந்து குண்டும் போடும், இந்த மாதிரி வண்டிக்கு மேல்பக்கம்தான் ரொம்ப மெல்லிசு. உக்ரைனுக்கு 2023ல ஃபிரான்ஸ் ஏஎம்எக்ஸ்-10 ஆர்.சி.ன்னு ஆறு சக்கர வண்டி குடுத்துச்சு, வேவு பார்க்கறதுக்கு செஞ்சது, 105 எம்எம் பீரங்கி இருந்ததால பேப்பர்ல எல்லாம் "டேங்க்"னு போட்டாங்க. அவங்களும் அத டேங்க் மாதிரி முன்வரிசைத் தாக்குதல்ல இறக்கினாங்க, பக்கத்துல விழுந்த ஷெல்லோட சிதறலே கவசத்த துளைச்சுடுச்சு. இது தாக்கறதுக்கு ஆகாது, தூரத்துல இருந்து சுடறதுக்குத்தான் லாயக்குன்னு உக்ரைன் அதிகாரியே சொன்னார். பெரிய பீரங்கி இருந்தா மேலதிகாரிக்கு ஆச வந்துடும்மா, எனக்கு அதான் இந்த வண்டிங்க மேல இருக்கற பெரிய பயம். உங்க பையன் சிரிச்சுட்டு போன வைக்கறான்னா, உங்ககிட்ட எதச் சொல்றது எத விடறதுன்னு தெரியாமத்தான் இருக்கும். அடுத்த தடவ டேங்க பத்தி கேக்காதீங்க, சாப்டியான்னு மட்டும் கேளுங்க, தானா பேசுவான்.

கேள்வி: டேங்க் உள்ள டீ போட முடியுமா? – மன்னார்குடி

பதில்: பிரிட்டிஷ் டேங்க்ல முடியும், தண்ணி கொதிக்க வைக்கறதுக்குன்னே உள்ள ஒரு பாத்திரம் வச்சே செய்வாங்க. லடாக் உயரத்துல தண்ணி 86 டிகிரிலயே கொதிச்சுடும், டீத்தூள் சாறு இறங்காது, மன்னார்குடி டிகாஷன எதிர்பார்க்காதீங்க.

கேள்வி: உலகத்துலயே சொதப்பலான லைட் டேங்க் எது? – ஓசூர்

பதில்: சொதப்பல்னு சொல்ல மனசு வரல, பாவம்னு சொல்றேன். அமெரிக்காவோட ஷெரிடன். பாராசூட்ல இறக்கணும், நீந்தணும், எந்த டேங்கயும் உடைக்கணும்னு எல்லா ஆசையயும் ஒரே வண்டில திணிச்சாங்க. அலுமினிய உடம்புல 152 எம்எம் பீரங்கி, அதே குழாய்ல மிசைலும் சுடும். பீரங்கிய சுட்டா வண்டியோட முன்பக்க சக்கரமெல்லாம் தரைய விட்டு எந்திரிக்கும், அந்த உதைல மிசைலுக்கு வழிகாட்டற எலக்ட்ரானிக்ஸ் படுத்துக்கும், அதாவது ஒரு ஆயுதத்த சுட்டா இன்னொண்ணு கெட்டுப்போகும். 1600க்கு மேல செஞ்சுட்டாங்க. வியட்நாம்ல கன்னிவெடில மாட்டினா ரொம்ப மோசமா எரிஞ்சுது. 1989ல பனாமால நிஜமாவே விமானத்துல இருந்து பாராசூட்ல போட்டாங்க, அதுல ஒண்ணு ரெண்டு கீழ விழுந்ததுலயே காலி. கடைசி காலத்துல என்ன வேலை பார்த்துச்சு தெரியுமா, கலிஃபோர்னியா பாலைவன பயிற்சி முகாம்ல தகடு, ஃபைபர் எல்லாம் ஒட்டி ரஷ்ய டேங்க் மாதிரி வேஷம் போட்டுக்கிட்டு அமெரிக்க சிப்பாய்ங்களுக்கு எதிரியா நடிச்சுது. ஹீரோவாகணும்னு வந்து வில்லன் வேஷம் கட்டின நடிகர் நம்ம ஊர்லயும் உண்டு.

கேள்வி: (தென்காசி மாணவியே இன்னொரு கடுதாசி போட்டிருக்காங்க, முதல் பதில போன்ல சொல்லியிருந்தேன்) சார், எடைய 24 டன்னுக்கு குறைச்சுட்டேன். பீரங்கி 40 எம்எம். கம்பத்துல கேமரா வச்சாச்சு. இப்ப பேருதான் வரல. "ருத்ரதாண்டவம்"னு யோசிச்சேன், நல்லாருக்கா?

பதில்: 24 டன்னுக்கு இறங்கினீங்களே, பெரிய ராணுவங்க கூட பண்ணாத காரியம். ஆனா பேருல மறுபடியும் 55 டன் ஏத்திட்டீங்க. ஸோராவார்னு வச்சதுக்கு காரணம் இருக்கு, ஸோராவார் சிங்ங்கற டோக்ரா தளபதி 1830கள்ல லடாக்க பிடிச்சு திபெத் வரைக்கும் போனவர், அதே மலைக்குத்தான் இந்த டேங்கும் போகுது. பிரிட்டிஷ்காரங்க அந்த குட்டி டேங்க் குடும்பத்துக்கே எஸ்-ல ஆரம்பிக்கற பேரா வச்சாங்க, ஸ்கார்பியன், ஸ்கிமிட்டர், ஸ்பார்ட்டன், சுல்தான், சாம்சன்னு. உங்களுக்கு நான் ஒண்ணு சொல்றேன், ஆள்காட்டி. உங்க ஊர் குளத்தங்கரைல பார்த்திருப்பீங்க, மூக்குகிட்ட செவப்பா சதை, நீளக் காலு, எவன் வந்தாலும் முதல்ல பார்த்து கத்தி ஊரக் கூட்டற குருவி. கூடு கட்டாது, வெறும் தரைல கூழாங்கல்லு நடுவுலயே முட்ட வைக்கும், மிதிக்கற அளவுக்கு கிட்ட போனாலும் கல்லா முட்டயான்னு தெரியாது. பார்க்கறது, மறையறது, சேதி சொல்றது, மூணும் அதுக்குத் தெரியும். உங்க வண்டி கத்தாம ரேடியோல சொல்லணும், அது ஒண்ணுதான் வித்தியாசம்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். நீங்க அனுப்பின பதினோரு படத்துலயும் வண்டி முன்னாடியே போயிட்டிருக்கு. டி-72க்கு ரிவர்ஸ்ல மணிக்கு நாலு கிலோமீட்டர்தான் வேகம், மனுஷன் நடக்கறத விட மெதுவா. எதிரி பார்த்துட்டான்னா மெல்லிசான பின்பக்கத்த காட்டித் திரும்பணும், அதுக்குள்ள கதை முடிஞ்சுடும். வேவு வண்டிக்கு அது ஆகாது. ஆள்காட்டி முகத்த எதிரிப்பக்கம் வச்சுக்கிட்டே, சேறு முன்பக்கமா தெறிக்க, முழு வேகத்துல பின்னாடி போற மாதிரி பன்னண்டாவது படம் ஒண்ணு வரைஞ்சு அனுப்புங்க. எடிட்டர் சரின்னா அடுத்த இதழ்ல போட்டுடலாம்.